எதோட கால் பங்கு?

கணக்கு டீச்சர் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் மகள் அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டு வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் பள்ளிக்கூடப் பேச்சு எதுவும் கூடாது. அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். இதைக் கேலி செய்யாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது. “நம்ம வீட்டுல ஒரு மிஸ், ஒரு ஸ்டூடண்ட். நான் கேட்டைத் திறந்து விடுற வாட்ச்மேன்,” என்பான்.

சட்டம் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகள் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அந்த வகுப்பின் கணக்கு இவள் தலையில்தான் விழுந்தது. முதல் பரீட்சையிலேயே மகள் முதல் மார்க் எடுத்துத் தொலைத்தாள். அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் இங்கிலீஷ் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, “வினாத்தாள் வீட்டுலயே வேகுது, பொண்ணுக்குச் சூடா கிடைக்காமயா போகும்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சரும் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் சோறு இறங்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முடியும் என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்து மகளிடம் கறாராகிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் ஒரு படியைத் தாண்டிக் கணக்குப் போட்டால் கண்டும் காணாமல் விடுகிறவள், மகள் நோட்டில் அதற்கு அரை மார்க் குறைப்பாள். மற்றவர்கள் பேசினால் முறைப்பாள். மகள் பேசினால் எழுப்பி நிற்க வைப்பாள். இதற்கு அவள் வைத்திருந்த பெயர் நடுநிலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பொதுப்பகுதி’. பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். அந்தப் பகுதிகளைச் சமமாக்காமல் யாராவது கூட்டினாலோ கழித்தாலோ அவளுக்குப் பொறுக்காது. “அடிய பார்த்துட்டு மேல பாரு. பொதுப்பகுதி எங்க, பொதுப்பகுதி?” என்று அவள் போடுகிற சத்தம் வராந்தா தாண்டிச் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. இருபது வருஷமாகப் பின்னம் நடத்துகிறாள். அவளிடம் படித்துப் பின்னம் வராமல் போன பிள்ளை கிடையாது.

அந்த வருஷம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கணக்குப் பாடத்தின் சார்பில் ஏதாவது வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். கணக்கில் என்னத்தைக் கண்காட்சி வைப்பது? யோசித்து யோசித்து நிலவுகளைப் பிடித்தாள். கோள்களைச் சுற்றும் நிலவுகளைப் பின்னமாகக் காட்டினால் பார்க்கவும் அழகு, பாடமும் ஆயிற்று. புத்தகத்திலேயே அட்டவணை இருந்தது. சாரன் என்ற நிலவின் விட்டம் புளூட்டோவின் விட்டத்தில் பாதி. நம்முடைய நிலவு பூமியில் ஏறக்குறையக் கால் பங்கு. கானிமீடு வியாழனில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒரு பங்கு.

விளையாட்டுப் பொருள் அறையிலிருந்து காற்றுப்போன மூன்று கால்பந்துகள் கிடைத்தன. காற்றடித்து ஒன்றுக்கு வியாழன், ஒன்றுக்குப் பூமி, கோள் பட்டியலிலிருந்து எப்போதோ தள்ளி வைக்கப்பட்ட புளூட்டோவுக்கு ஒன்று என்று வர்ணம் பூசினார்கள். சாரனுக்கு அதில் பாதி அளவில் ஒரு ரப்பர் பந்து. நம் நிலவுக்கு எலுமிச்சம்பழ அளவில் ஒரு களிமண் உருண்டை. பாவம், கானிமீடுக்கு ஒரு பட்டாணி. எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு வகுப்பில் கேட்டாள்.

“மேல எல்லாம் ஒண்ணு. கீழ இருக்கற எண் பெருசாகப் பெருசாகப் பங்கு என்ன ஆகும்?”

“சிறுசாகும் மிஸ்,” என்றது வகுப்பு.

“அப்ப எந்த நிலா பெருசு?”

“சாரன் மிஸ்.”

“அடுத்து?”

“நம்ம நிலா. கடைசி கானிமீடு.”

கரும்பலகையில் அதே வரிசையில் எழுதினாள். திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. மகளுடைய கை.

“மிஸ், எதோட கால் பங்கு?”

“பூமியோடதான். காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?”

“இல்ல மிஸ். மூணு பந்தும் ஒரே சைஸா இருக்கு. வியாழன் ரொம்பப் பெருசுல்ல? அதுல சின்னப் பங்குன்னாலும்…”

இந்த இடத்தைத்தான் பிற்பாடு கணக்கு டீச்சர் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இதையே வேறொரு பிள்ளை கேட்டிருந்தால் அவள் ஒரு நிமிஷம் நின்றிருப்பாள். மேசையிலிருந்த பந்துகளைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அவள் அப்போது பார்த்தது கேள்வியை அல்ல, கையை. இது என் பெண்ணுடைய கை, இதற்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ஆசிரியர் அறையில் என் பெயர் உருளும் என்றுதான் அவள் புத்தி போயிற்று.

“கணக்கு நேரத்துல கதை வேண்டாம். பாதி பெருசா, இருபத்தேழுல ஒண்ணு பெருசா?”

“பாதி மிஸ். ஆனா…”

“ஆனா ஆவன்னா எல்லாம் கீழ் வகுப்புல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு படி மேலே போனாள். “பின்னம் மறந்துபோச்சுன்னா அங்க போய்தான் படிக்கணும். புஸ்தகத்த எடுத்துக்கிட்டு ஆறாம் வகுப்புல போய் உட்காரு. இந்தப் பீரியட் முடிஞ்சப்புறம் வா.”

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு வகுப்புக்கும் நடுவே மரத்தடுப்பு மட்டும்தான். அங்கே பெஞ்சு நகர்த்தும் சத்தமும், “ஏழாங்கிளாஸ் அக்காடா, ஃபெயிலா?” என்ற குசுகுசுப்பும் இங்கே தெளிவாகக் கேட்டன. கணக்கு டீச்சர் சாக்பீஸை எடுத்து அடுத்த கணக்கை எழுதினாள். கண்காட்சியில் விளக்கம் சொல்ல மகள் பெயர்தான் முதலில் இருந்தது. அதையும் அன்றே மாற்றி, அதே வகுப்பில் படிக்கும் பல் டாக்டர் மகளிடம் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு மைக் தேவையில்லை, அப்படிக் கணீர் என்ற குரல்.

சாயங்காலம் மகள் வழக்கம்போல ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். முகத்தைக் கழுவினாள், பால் குடித்தாள், துணி மடித்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சட்டம் அப்படி. அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் அந்தக் கை உயரவே இல்லை. மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று கணக்கு டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள். பள்ளி விட்டபிறகு கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து பெயர்ச்சீட்டுகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். “சும்மா பின்னத்த மட்டும் போடாதீங்க, கொஞ்சம் விவரமும் போடுங்க,” என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். சரி, விட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று போடலாமென்று தேடி எடுத்துத் தட்டச்சு செய்தாள். சாரன், ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். நிலவு, மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். கானிமீடு, ஐயாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

அடித்துவிட்டு ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். திரும்பச் சரிபார்த்தாள். சரியாகத்தான் அடித்திருந்தாள்.

வரிசை அப்படியே தலைகீழ். மூன்றில் பெரியது கானிமீடு, சிறியது சாரன். பட்டாணி என்று மேசை ஓரத்தில் வைத்தாளே, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பெரிய முழுசில் சின்னப் பங்கு, சின்ன முழுசின் பாதியைவிடப் பெரியதாக இருக்கும். முழுசு ஒன்றாக இருந்தால்தான் பங்கைப் பங்கோடு ஒப்பிடலாம். இது என்ன பெரிய வித்தையா? வருஷா வருஷம் முதல் நாளில் அவளே சொல்லும் பாலபாடம்.

எதோட கால் பங்கு?

மகள் கேட்டது அவ்வளவுதான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. பக்கத்தில் யாருமில்லை, ஆனாலும் யாரோ பார்ப்பதுபோல் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

அடுத்து அவள் செய்ததுதான் அதைவிடக் கேவலம். உட்கார்ந்து யோசித்தாள். பந்துகளை மாற்ற நேரமில்லை. மாற்றவும் வேண்டாம், சுவரில் ஒட்டப்போகும் தலைப்பை மாற்றினால் போதும் என்று தோன்றியது. ‘எந்த நிலவு பெரியது?’ என்று இருந்ததை அழித்துவிட்டு, ‘தன் கோளோடு ஒப்பிட்டால் எந்த நிலவு பெரியது?’ என்று அடித்தாள். இப்போது எல்லாம் சரி. சாரன் முதலாவது, கானிமீடு கடைசி, எவரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கிலோமீட்டர் விவரங்களை அழித்தாள். மூன்றே சொல்லில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று பெருமூச்சுகூட விட்டாள். பிள்ளைகளுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். மகளுக்கும்தான். பிறகு.

அன்று வீட்டில் ஆப்பிளை நறுக்கி மகள் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். கேட்காமலே தலை பின்னிவிட்டாள். வீட்டுப்பாடம் இருக்கா, கால் வலிக்குதா என்று குழைந்தாள். மகள் எல்லாவற்றுக்கும், “இல்லம்மா, போதும்மா,” என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக் பேப்பரை இறக்கிப் பார்த்தான். “என்ன, இன்னிக்கு மிஸ் லீவா?”

“சும்மா இருங்க.”

“எனக்கென்ன. மேலயும் கீழயும் போய்வர்ற பிழைப்பு. நடுவுல எந்த மாடியில என்ன நடக்குதுன்னு எனக்கு யாரு சொல்றா?” என்று மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை பெரிய அறை முழுக்க மேசைகள். கணக்கு டீச்சர் புதுத் தலைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கதவோரம் குடிதண்ணீர் கொடுக்கும் வேலை. தம்ளர்களை எடுத்துக்கொண்டு போன மகள் அந்த மேசைக்கு முன்னால் நின்றாள். தலைப்பைப் படித்தாள். முதல் மூன்று சொற்களில் அவள் கண் நின்றதை அம்மா பார்த்தாள். மகள் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாளோ என்று அம்மா ஒட்டுவதை நிறுத்தினாள். மகள் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துக்கொண்டு கதவோரம் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு மேல் கல்வி அதிகாரி வந்தார். வெள்ளைத்தலை, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட பெண்மணி. தலைமையாசிரியையும் மற்ற ஆசிரியர்களும் பின்னாலேயே வந்தார்கள். நிலவு மேசைக்கு முன் அதிகாரி நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“தன் கோளோடு ஒப்பிட்டால். அடடா, ரொம்பக் கவனமா எழுதியிருக்கீங்க. இதுல பெரியவங்களே வழுக்கி விழுவாங்க. யாரு செஞ்சது?”

“எங்க கணக்கு டீச்சர்தான்,” என்றார் தலைமையாசிரியை.

கணக்கு டீச்சர் கைகூப்பினாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பல் டாக்டர் மகள் தன் கணீர்க் குரலில் விளக்கத்தை ஒப்பித்தாள். எல்லாம் அன்று வகுப்பில் சொன்னதுதான். தலைப்பு ஏன் மாறியது என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் தன் தப்பையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லாமல் விட்டிருந்தாள்.

“நல்லா சொன்ன,” என்றார் அதிகாரி. “சரி, இப்பக் கோளை விட்டுடு. மூணு நிலாவையும் பக்கத்துல பக்கத்துல கொண்டாந்து வெச்சா எது பெருசு?”

“சாரன் மேடம்.”

“இல்லையே.”

கணீர்க் குரல் நின்றுபோயிற்று. அந்தப் பிள்ளை பந்துகளைப் பார்த்தது, தலைப்பைப் பார்த்தது, பிறகு கணக்கு டீச்சரைப் பார்த்தது. “மிஸ் அப்படித்தான்…” என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது. என்னால் இது இரண்டாவது பிள்ளை என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றியது.

“பரவால்ல, அழாதம்மா. வேற யாருக்காவது தெரியுமா?” அதிகாரி சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்த் தட்டோடு அருகில் வந்திருந்த பிள்ளைமேல் அவர் கண் நின்றது. “நீ சொல்லு பாக்கலாம்.”

மகள் ஒரே ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள்.

“தெரியாது மேடம்.”

அந்த அறையில் அது பொய் என்று தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். பொய் சொல்லக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்காகத்தான் அந்தப் பொய். தன் மானத்தைப் பன்னிரண்டு வயசுக் குழந்தை தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பெற்றவளால் முடியவில்லை.

“அவளுக்குத் தெரியும் மேடம்,” என்றாள் கணக்கு டீச்சர். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “கானிமீடுதான் பெருசு. வகுப்புலயே அவ கேட்டா. எதோட கால் பங்குன்னு கேட்டா. நான்தான் தப்பா நடத்தினேன். சரியாக் கேட்ட பிள்ளைய எல்லாரையும் சிரிக்க வெச்சு ஆறாம் வகுப்புக்கு அனுப்பினேன். இந்தத் தலைப்பு நேத்து சாயங்காலம் மாத்தினது. இந்தப் பிள்ளை மேலயும் தப்பு இல்ல, நான் சொல்லிக் கொடுத்தத சொல்லிச்சு.”

திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று அவள் தலை குனிந்து நின்றாள். திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அதிகாரி அவள் தோளில் கை வைத்தார். “முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டீச்சர நான் பார்த்ததில்ல. தப்ப ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்,” என்றார். தலைமையாசிரியை முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இங்கிலீஷ் டீச்சர் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினாள். நாளைக் காலைக் கூட்டத்தில் நேர்மையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னார். அடி வாங்கினவள் ஒருத்தி, மாலை விழுந்தது அடித்தவள் கழுத்தில். கணக்கு டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கமாகத் தெருமுனை வரை தனித்தனியாக வருவார்கள், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாதென்று. அன்று அம்மா காத்திருந்து கூட வந்தாள். வழியெல்லாம் வார்த்தையைத் தேடினாள். மருந்துக்கடை போயிற்று, தையல்கடை போயிற்று, வார்த்தை வரவில்லை. வீட்டு வாசலில் மகள் குனிந்து ஷூவைக் கழற்றி வைத்த பிறகுதான் வாய் திறந்தது.

“பாப்பா, அன்னிக்குக் கிளாஸ்ல…”

“அது ஸ்கூல் விஷயம்மா,” என்றாள் மகள். குத்தலாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மறந்துவிட்டதே என்று ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

கணக்கு டீச்சர் தன் காலைப் பார்த்தாள். “நான் இன்னும் செருப்பக் கழட்டல. கொஞ்சம் வெளிய வா.”

மகள் யோசித்தாள். பிறகு ஷூவில் மறுபடி கால் நுழைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். வகுப்பில் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சொல்லுங்க மிஸ்.”

“நீ கேட்டது சரி. நான் நடத்தினது தப்பு. அத விட, நீ என் பொண்ணுங்கறதுக்காகவே நான் காது கொடுக்கல. தெரிஞ்ச பிறகும் தலைப்ப மட்டும் மாத்திட்டு உன்கிட்ட வாயத் திறக்கல. எனக்கு வெக்கமா இருக்கு. மன்னிச்சிடு.”

“சரி மிஸ்.”

“ஆறாம் வகுப்புலயும் போய்ச் சொல்றேன். நாளைக்கே.”

“சரி மிஸ்.”

“இனிமே புரியலன்னா கை தூக்குவியா?”

மகள் ஷூவின் முனையால் தரையில் கிடந்த கல்லை ஓரமாகத் தள்ளினாள்.

“சயின்ஸ் கிளாஸ்ல தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் மிஸ்,” என்றாள்.

பேச்சு முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மகள் ஷூவைக் கழற்றி, முன்பு வைத்த இடத்திலேயே ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். விளக்குப் போடும் சத்தம் கேட்டது.

“அம்மா, பசிக்குது,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“இதோ வர்றேன்,” என்று சொன்ன கணக்கு டீச்சர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.